லுக்ரேசியா போர்ஜியாவின் சீதனக் கணக்கும் என் நட்டக் கணக்கும்

வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு கிடைத்த முதல் நான்கு ஆண்டுகளையும் 3,85,000 ரூபாயையும், இறந்து ஐந்நூறு ஆண்டுகளைக் கடந்துவிட்ட ஒரு பெண்ணின் வாழ்க்கையைத் தமிழில் எழுதுவதற்காகச் செலவிட்டேன். அவர் பெயர் லுக்ரேசியா போர்ஜியா. 1480 ஏப்ரல் 18 அன்று ரோமுக்கு அருகிலுள்ள சுபியாக்கோவில் பிறந்தவர். பின்னாளில் ஆறாம் அலெக்சாண்டர் என்ற பெயரில் போப் ஆன ரோட்ரிகோ போர்ஜியாவின் மகள். அரசியல் கணக்குக்காக மூன்று முறை மணமுடித்துக் கொடுக்கப்பட்டவர். இந்த வேலையில் இறங்கியபோது விசாரித்துத் தெரிந்துகொள்ள எனக்கு ஒருவரும் இல்லை. இதே காலத்து அரசகுலப் பெண் ஒருவரைப் பற்றி எழுத நினைப்பவர் எவராவது இருந்தால், அவர் என்னைப் போல வீண்செலவு செய்யாமல் இருக்கட்டும் என்பதற்காக நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

தொடக்கமே தவறு. ஒரு தொலைக்காட்சித் தொடரைப் பார்த்துவிட்டு, நஞ்சு நிறைத்த மோதிரம் அணிந்த அழகியாகத்தான் நான் லுக்ரேசியாவை மனத்தில் வைத்திருந்தேன். முதல் ஏழு மாதங்களில் எழுதிய மூன்று அத்தியாயங்களும் நஞ்சு, சதி, அண்ணன் செசாரேயின் வாள் என்றே ஓடின. எழுதும்போது மகிழ்ச்சியாக இருந்தது என்பதை மறைக்கவில்லை. பிறகுதான் ஒவ்வொரு செய்திக்கும் அதை முதலில் சொன்னவர் யார் என்று தேடத் தொடங்கினேன். லுக்ரேசியா எவருக்காவது நஞ்சிட்டார் என்பதற்கு அவர் காலத்துச் சான்று ஒன்றுகூட இல்லை. இன்று நாம் அறிந்த நஞ்சுக்காரியின் உருவத்தை ஊரறியச் செய்தது, அவர் இறந்து மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின், 1833இல் பாரிசில் மேடையேறிய விக்டர் ஹியூகோவின் நாடகமும், அதே ஆண்டு மிலானில் அரங்கேறிய அதன் இசை நாடக வடிவமும்தான். தந்தையோடு தகாத உறவு என்ற பழியின் வேரைத் தேடிப் போனால், அது 1497இல், மணமுறிவுக்குக் கட்டாயப்படுத்தப்பட்ட முதல் கணவர் ஜொவான்னி ஸ்ஃபோர்ட்சாவின் வாயில் போய் நிற்கிறது. ஆண்மையற்றவர் என்று ஊரறிய எழுதிக் கையெழுத்திட வேண்டியிருந்த ஒருவர், வாங்கிய 31,000 டுகாட் (அக்காலத் தங்க நாணயம்) சீதனத்தையும் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்த ஒருவர், மாமனாரைப் பற்றிச் சொன்ன சொல் அது. கடன் விண்ணப்பத்தில் பக்கத்து வீட்டுக்காரர் தரும் புகாரை நான் முப்பது ஆண்டுகள் எப்படிப் படித்தேனோ, அப்படி இதையும் படித்திருக்க வேண்டும். சொன்னவர் யார், எப்போது சொன்னார், அப்போது அவர் எதை இழந்திருந்தார் என்ற மூன்று கேள்விகளை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிய பிறகே எனக்கு உருப்படியாக ஒரு பக்கம் எழுத வந்தது. அந்த மூன்று அத்தியாயங்களையும் தூக்கிப் போட்டேன்.

அடுத்து என்னை அலைக்கழித்தவை பெயர்கள். லுக்ரேசியாவின் இரண்டாம் கணவர் அல்ஃபோன்சோ, நேப்பிள்ஸ் அரச குடும்பத்தவர். மூன்றாம் கணவரும் அல்ஃபோன்சோ, வட இத்தாலியில் ஃபெராராவை ஆண்ட எஸ்தே குடும்பத்தவர். மாமனார் எர்கோலே, வாரிசான மகனும் எர்கோலே. மணப்பெண்ணை அழைத்துச் செல்ல ரோமுக்கு வந்த மைத்துனர் கர்தினால் இப்போலித்தோ. பின்னாளில் திவோலியில் நீரூற்றுகளுக்குப் புகழ்பெற்ற மாளிகையைக் கட்டியவரும் கர்தினால் இப்போலித்தோதான், ஆனால் அவர் லுக்ரேசியாவின் மகன். இந்த இருவரையும் நான் ஒருவராக்கி அச்சிலும் ஏற்றிவிட்டேன். மொழிபெயர்ப்புச் செயலிகளை நம்பினால் இன்னொரு குழியும் காத்திருக்கிறது. இத்தாலிய மொழியில் 'நிப்போத்தே' என்ற ஒரே சொல் பேரனையும் குறிக்கும், உடன்பிறந்தார் மகனையும் குறிக்கும். அதை ஆங்கில வழியாகத் தமிழுக்குக் கொண்டுவந்து 'மருமகன்' என்று எழுதினால், நம் வழக்கில் மருமகன் என்பது மகளின் கணவனையும் குறிப்பதால், போப்பின் குடும்பத்தில் யார் யாருக்கு என்ன உறவு என்பதே தலைகீழாகிவிடும். எழுதத் தொடங்கும் முன்பே ஒரு முழு வெள்ளை அட்டையில் வம்சாவளியை வரைந்து, ஒவ்வொருவருக்கும் பிறந்த ஆண்டையும் இறந்த ஆண்டையும் எழுதிச் சுவரில் மாட்டிவிடுங்கள். எனக்கு அந்த அட்டை நாற்பது ரூபாய். அதை இரண்டாம் ஆண்டில் வாங்கியதால் ஏற்பட்ட நட்டம் அதைவிட மிக அதிகம்.

என் கண் திறந்த இடம் சீதனம். மூன்று திருமணங்களுக்கும் கொடுத்த தொகையை ஒரு நாள் தற்செயலாக ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தேன். 1493இல், பதின்மூன்று வயதில், பெசாரோவின் ஆட்சியாளரான ஸ்ஃபோர்ட்சாவுக்கு 31,000 டுகாட். 1498இல் நேப்பிள்ஸ் அல்ஃபோன்சோவுக்கு 40,000. 1501 இறுதியில் ஃபெராரா அல்ஃபோன்சோவுக்கு 1,00,000. டுகாட் என்பது ஏறக்குறைய மூன்றரை கிராம் தங்க நாணயம். ஆக மூன்றாவது சீதனம் மட்டுமே ஏறத்தாழ 350 கிலோ தங்கம். நம் கணக்கில் 43,750 சவரன். அந்த எண்ணைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் திருமணத்துக்கு என்னென்ன போட வேண்டும் என்று என் தாத்தா ஒரு நோட்டுப் புத்தகத்தில் பட்டியல் போட்டு வைத்திருந்தார்; அதில் குத்துவிளக்குக்கும் எனக்கும் ஒரே பக்கம்தான் கிடைத்திருந்தது. அந்த நோட்டு என் நினைவுக்கு வந்த பிறகு, நஞ்சுக் கதைகளின் மீது எனக்கிருந்த ஆசை முற்றிலும் போய்விட்டது.

ஃபெராராவை ஆண்ட மாமனார் எர்கோலே டியூக் எளிதில் சம்மதித்தவர் அல்லர். பழம்பெருமை வாய்ந்த எஸ்தே குடும்பத்துக்கு, முறைப்படி மணம் செய்துகொள்ள முடியாத போப்பின் மகளை, அதிலும் இரண்டாம் கணவர் 1500 ஆகஸ்ட் 18 அன்று நோய்ப்படுக்கையிலேயே கழுத்து நெரிக்கப்பட்டு இறந்து ஓராண்டுகூடக் கடக்காத நிலையில், மருமகளாக ஏற்க மனமில்லை. அந்தக் கொலைக்குப் பின்னால் செசாரே இருந்தார் என்றே அக்காலத்தவர் பெரும்பாலும் நம்பினர். ஆனால் அதே செசாரே ரொமாஞ்ஞா பகுதியின் நகரங்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு ஃபெராராவின் எல்லைவரை வந்திருந்தார். ஃபெராராவோ சட்டப்படி போப்பின் ஆட்சியுரிமைக்கு உட்பட்ட நிலம். மறுத்தால் நாடு போகும் என்ற நிலையில் எர்கோலே விலையை உயர்த்தினார். ரொக்கச் சீதனத்தோடு, ஃபெராரா ஆண்டுதோறும் போப்புக்குச் செலுத்திவந்த நாலாயிரத்துக்கும் மேற்பட்ட டுகாட் கப்பம் வெறும் 100 டுகாட்டாகக் குறைக்கப்பட்டது. சென்தோ, பியேவே என்ற இரண்டு ஊர்களும் சேர்ந்தன. ரோமுக்கு வந்த எர்கோலேயின் ஆட்கள் நாணயங்களை ஒவ்வொன்றாக எண்ணி வாங்கினர். எண்ணி முடிக்கவே நாள்கள் பிடித்தன. இந்த ஒப்பந்தத்தைப் படித்த பிறகே லுக்ரேசியா எதற்காக ஃபெராராவுக்கு அனுப்பப்பட்டார் என்பது எனக்கு விளங்கியது. அரசியல் திருமணம் எதைப் பற்றி எழுதினாலும் முதலில் சீதன ஒப்பந்தத்தைத் தேடிப் படியுங்கள். யாருக்கு எதைக் கண்டு பயம், யாருக்கு எது தேவை என்பதெல்லாம் காதல் கடிதங்களில் இருப்பதைவிட அதில் தெளிவாக இருக்கும்.

இந்த உற்சாகத்தில்தான் இத்தாலிக்குப் புறப்பட்டேன். மொத்த நட்டத்தில் 2,38,000 ரூபாய் அந்தப் பயணத்தில் போனது. ஃபெராராவில் ஆறு இரவுகளுக்கு அறை எடுத்தேன். நகர நடுவில் அகழி சூழ்ந்த எஸ்தே கோட்டையைப் பார்த்தேன். அப்போது டியூக்காக இருந்த அல்ஃபோன்சோவைக் கவிழ்க்கச் சதி செய்ததாக 1506இல் அவருடைய தம்பி ஃபெர்ரான்தேயும் வேறு தாய்க்குப் பிறந்த தம்பி ஜூலியோவும் அடைக்கப்பட்ட கோட்டை அது. ஃபெர்ரான்தே 1540இல் சிறையிலேயே இறந்தார், ஜூலியோ 1559இல்தான் வெளியே வந்தார். லுக்ரேசியாவின் கல்லறை உள்ள கோர்புஸ் தோமினி மடத்துக்கு இரண்டு முறை நடந்தேன். இரண்டு முறையும் நான் போன நேரத்தில் கதவு சாத்தியிருந்தது. மூன்றாம் நாள், எஸ்தே குடும்பத்து ஆவணங்களைப் பார்க்க வேண்டும் என்று நான் தங்கிய விடுதியின் முதியவரிடம் சொன்னபோது, அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, அவை மொதெனாவில் அல்லவா இருக்கின்றன என்றார். 1598இல் எஸ்தே குடும்பத்தின் நேர்வாரிசு அற்றுப்போனதும் போப் ஃபெராராவை எடுத்துக்கொண்டார். குடும்பம் தன் தலைநகரை மொதெனாவுக்கு மாற்றியபோது ஆவணங்களும் உடன் சென்றன. வரலாறு எழுதப் புறப்பட்ட எனக்கு இந்த ஒரு வரி வரலாறு தெரியவில்லை. அன்று மாலை அகழியோரத்தில் உட்கார்ந்து அழுதேன். ஓர் அரச குடும்பத்தின் தாள்களைத் தேடுபவர், அந்தக் குடும்பம் கடைசியாக எங்கே ஆண்டது என்பதைப் பார்க்க வேண்டும். அது எங்கே புகழ்பெற்றது என்பதைப் பார்த்துப் பயணச்சீட்டு எடுக்கக் கூடாது.

பொலோஞ்ஞாவில் ரயில் மாறி மொதெனாவுக்குப் போனேன். அது ஆகஸ்ட் மாதம். இத்தாலியில் ஆகஸ்ட் 15ஐ ஒட்டிய வாரங்களில் பாதி நாடு விடுமுறையில் இருக்கும் என்பதையும் நான் விசாரிக்கவில்லை. முன்கூட்டியே எழுதிக் கேட்காமல் வந்ததால் எனக்குக் கிடைத்தது ஒன்றரை நாள். அதிலும் என் முன் வைக்கப்பட்ட தாளில் ஒரு வரியைக்கூட என்னால் படிக்க முடியவில்லை. செயலியில் எட்டு மாதம் இத்தாலியன் கற்றது காபி கேட்கத்தான் உதவியது. பதினாறாம் நூற்றாண்டுக் கையெழுத்து வேறு, சுருக்கெழுத்துக் குறிகள் வேறு. பழஞ்சுவடியைப் படிக்கத் தனிப் பயிற்சி வேண்டும் என்று தெரிந்த தமிழ்நாட்டுக்காரியான நான் இதை எதிர்பார்த்திருக்க வேண்டும்.

வீடு திரும்பிய பிறகு தெரியவந்த செய்தி இன்னும் கசப்பானது. ஜெர்மானிய வரலாற்றாசிரியர் ஃபெர்டினாண்ட் கிரிகோரோவியஸ் 1874இல் வெளியிட்ட லுக்ரேசியாவின் வாழ்க்கை வரலாற்றின் பின்னிணைப்பில், அக்காலக் கடிதங்களும் ஒப்பந்தங்களும் பல அச்சிலேயே இருக்கின்றன. காப்புரிமை முடிந்த நூல் என்பதால் இணையத்தில் இலவசம். மாந்துவா ஆவணக் காப்பகத்தில் உள்ள, அந்நகர ஆட்சியாளரின் மனைவி இசபெல்லா தெஸ்தேயின் ஆயிரக்கணக்கான கடிதங்களின் படங்களை வீட்டில் இருந்தபடியே பார்க்கலாம். முதலில் அச்சில் வந்ததை எல்லாம் படித்து முடியுங்கள். அதன் பின்னும் விடை கிடைக்காத கேள்வி கையில் இருந்தால் மட்டும் விமானத்தில் ஏறுங்கள்.

இசபெல்லாவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 1502 பிப்ரவரி 2 அன்று லுக்ரேசியா ஃபெராராவுக்குள் நுழைந்ததையும் அதைத் தொடர்ந்த விருந்துகளையும் பற்றி நமக்குக் கிடைக்கும் மிக உயிரோட்டமான விவரங்களில் பல, இசபெல்லா தன் கணவர் பிரான்செஸ்கோ கொன்சாகாவுக்கு எழுதிய கடிதங்களிலிருந்து வருபவை. கூர்மையான கண், அருமையான நடை. நானும் மயங்கி, பக்கம் பக்கமாக அவற்றின் அடிப்படையில் எழுதினேன். பிறகு ஒரு நாள் வம்சாவளி அட்டையைப் பார்த்தபோதுதான் உறைத்தது, இசபெல்லா லுக்ரேசியாவின் நாத்தனார். தாய் இறந்தபின் அந்த வீட்டின் முதல் பெண்மணியாக விளங்கியவர். புதிதாக வருபவளின் உடைகளைப் பற்றித் தெரிந்துகொள்ள ரோமுக்கே ஆள் அனுப்பி அறிக்கை பெற்றவர். நாத்தனார் எழுதிய கல்யாணக் கடிதத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்று தமிழ் வாசகருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பின்னாளில் லுக்ரேசியாவுக்கும் அதே பிரான்செஸ்கோவுக்கும் இடையே மறைவாகக் கடிதங்கள் போய்வந்தன என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த வீட்டின் எந்தப் பேச்சையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

தேதிகளிலும் கவனம் வேண்டும். வெனிஸில் ஆண்டு மார்ச் 1 அன்றும், ஃப்ளோரன்ஸில் மார்ச் 25 அன்றும் பிறந்தது. ஆகவே ஜனவரி, பிப்ரவரிக் கடிதங்களில் ஆண்டு ஒன்று குறைந்து நிற்கும். மணியைச் சூரியன் மறைந்ததிலிருந்து எண்ணினர். 'இரவு மூன்று மணி' என்பது ஜூலையில் நம் கடிகாரத்தின் பத்தரை, பதினொன்று. நான் ஒரு விருந்தை விடியற்காலை மூன்று மணிக்கு நடத்தி வைத்தேன்.

இவ்வளவு அலைந்தும் நான் மிகத் தாமதமாகக் கவனித்தவை, எவரும் மறைத்து வைக்காத செய்திகள். 1502 ஜனவரி 6 அன்று ரோமை விட்டுப் புறப்பட்டபோது, இரண்டாம் கணவருக்குப் பிறந்த ரோட்ரிகோ என்ற இரண்டு வயதுக் குழந்தையை லுக்ரேசியா அங்கேயே விட்டுச் செல்ல வேண்டியிருந்தது. புது மணப்பெண்ணோடு பழைய கணவரின் பிள்ளை வருவதை எஸ்தே குடும்பம் ஏற்காது. அந்தப் பையன் 1512இல், பன்னிரண்டு வயதில் இறந்தான். புகுந்த வீட்டில் அவர் தன் ஆண்டுச் செலவுக்கு 12,000 டுகாட் கேட்க, சீதனத்தை எண்ணி வாங்கிய மாமனார் குறைத்துத் தரப் பார்த்தார். 1502 செப்டம்பரில் முதல் பெண் குழந்தை உயிரின்றிப் பிறந்தது. 1503 ஆகஸ்டில் தந்தை இறந்ததும் அந்தத் திருமணத்துக்கு இருந்த அரசியல் விலை ஒரே நாளில் போய்விட்டது. மகனின் மனைவியை விலக்க விரும்பினால் விலக்கலாம் என்று பிரெஞ்சு மன்னர் பன்னிரண்டாம் லூயியே எர்கோலேயின் தூதரிடம் குறிப்பாகச் சொன்னார். எர்கோலே விலக்கவில்லை. இதை நற்குணம் என்று எழுதுபவர்கள் உண்டு. நான் வங்கிக்காரி, விலக்கினால் சீதனத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்திருக்கும் என்பதையே முதலில் நினைக்கிறேன்.

1505இல் பிறந்த மகன் சில வாரங்களில் இறந்தான். 1508இல்தான் வாரிசான எர்கோலே பிறந்தார். அதன்பின் 1509, 1514, 1515, 1516, 1519 என்று பிரசவங்கள் தொடர்ந்தன. இவற்றுக்கு இடையில்தான் போப் இரண்டாம் ஜூலியஸோடு நடந்த போர், நகைகளை அடகு வைத்தது, கணவர் போர்க்களத்தில் இருந்தபோது ஆட்சிப் பொறுப்பைப் பார்த்தது, போருக்குப் பின் ஃபெராராவைச் சுற்றிய சதுப்பு நிலங்களில் தன் பணத்தைப் போட்டு வடிகால் வெட்டிப் பயிர்நிலமாக்கியது, எருமை வளர்த்தது எல்லாம். எருமைப் பண்ணை வைத்திருந்த லுக்ரேசியா போர்ஜியாவை எந்தத் தொடரும் எனக்குக் காட்டவில்லை. 1519 ஜூன் 14 அன்று பெண் குழந்தை பிறந்தது, காய்ச்சல் தணியவில்லை. ஜூன் 22 அன்று போப் பத்தாம் லியோவுக்கு ஆசி வேண்டிக் கடிதம் எழுதினார். 24ஆம் தேதி இறந்தார். வயது 39. இந்தப் பிரசவ ஆண்டுகளை மட்டும் முதலிலேயே ஒரு வரிசையாக எழுதி வைத்திருந்தால், என் நூலின் அமைப்பே வேறாக இருந்திருக்கும்.

கடைசி நட்டம் அட்டைப் படம். வெனித்தோவைச் சேர்ந்த பார்த்தொலோமேயோ வரைந்த, கையில் மலர்க்கொத்து ஏந்திய இளம்பெண் ஓவியத்தை ஒரு பட நிறுவனத்திடம் 14,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். அந்தப் பெண் லுக்ரேசியா என்பது வெறும் ஊகம். ஓவியத்தை வைத்திருக்கும் ஃபிராங்க்ஃபர்ட் அருங்காட்சியகமே அதை இலட்சிய உருவப்படம் என்றுதான் அழைக்கிறது, படத்தையும் தன் தளத்தில் இலவசமாகவே தருகிறது. அவர் முகம் என்று ஓரளவு உறுதியாகச் சொல்லத்தக்கது அவர் காலத்துப் பதக்கங்களில் உள்ள பக்கவாட்டு உருவம்தான். இதை நான் அறிந்தபோது 500 படிகள் 92,000 ரூபாய் செலவில் அச்சாகி என் வீட்டுக் கூடத்தில் அடுக்கப்பட்டிருந்தன. மீதி 41,000 ரூபாய், பாதிக்கு மேல் பயன்படாமல் போன நூல்களுக்கு.

மறுபடி அச்சிடப் பணம் இல்லை. ஆகவே பிழைதிருத்தச் சீட்டு ஒன்று அடித்து, விற்காமல் இருந்த 460 படிகளிலும் நானும் என் மகளும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து ஒட்டினோம். சீட்டில் பதினொரு திருத்தங்கள். முதல் வரி, அட்டையில் இருப்பவர் லுக்ரேசியா போர்ஜியா என்பதற்குச் சான்று இல்லை. ஆறாவது வரி, பக்கம் 88இல் வரும் இப்போலித்தோவும் பக்கம் 203இல் வரும் இப்போலித்தோவும் வெவ்வேறு ஆட்கள். கடைசி வரி, மூன்று அத்தியாயங்களைத் தூக்கிப் போட்டும் எப்படியோ உள்ளே தங்கிவிட்ட ஒன்று: பக்கம் 31இல் 'மோதிரத்தைத் திருகினாள்' என்று தொடங்கும் பத்தியை முழுவதும் விட்டுவிட்டுப் படிக்கவும்.